டூப்ளிகேட் சாவி!

இந்த வார ‘எக்ஸ்ட்ரா டைம்’ல ஒரு சின்ன இலக்கண வகுப்போட ஆரம்பிக்கலாம். ஓடாதீங்க... இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது!

‘அந்த வீரரை வாங்க ரியல் மாட்ரிட் ஆர்வம் காட்டி வருவதாகக் கூறப்படுகிறது.’

இந்த வாக்கியத்துல கூறினது யாரு? ஸ்கூல்ல தமிழ் மிஸ் கேட்டா ‘தோன்றா எழுவாய் மிஸ்’னு சொல்லித் தப்பிச்சிரலாம். ஃபுட்பால் ரசிகன் தப்பிக்க முடியாது. ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் கடைசி வரைக்கும், அப்புறம் ஜனவரி ஒரு மாசம் முழுக்க, நமக்குச் சாப்பாடே இந்தத் தோன்றா எழுவாய்தான். கூறப்படுகிறது, தெரிகிறது, பேசப்படுகிறது, ‘வீரருக்கு நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’... அந்த வட்டாரத்துக்கு எந்த பஸ் போகும்னு மட்டும் யாருக்கும் தெரியாது. சினிமா கிசுகிசுவாவது பரவாயில்லை பாஸ். ‘மூன்றெழுத்து நடிகை’னு போட்டா, டீக்கடையில உட்கார்ந்து நாலு பேர் சேர்ந்து பத்து நிமிஷத்துல ஆளைக் கண்டுபிடிச்சிரலாம். இங்க வீரரோட பேரு, ரேட்டு, கான்ட்ராக்ட் எத்தனை வருஷம், எல்லாமே இருக்கும். சொன்னவன் மட்டும் இருக்க மாட்டான்!

சரி, விஷயத்துக்கு வரேன். 2025 ஜூலை 28, திங்கட்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர். மாவட்டத்துக்கே லீவு. ராஜபாளையத்துல இருந்து பஸ்ஸுக்கு பஸ் தொங்கிட்டுப் போற கூட்டம். அந்த வாரம் ரத வீதியில தேர் இழுக்க வடம் ரெடியாகிட்டு இருந்தப்போ, எங்க ஹாஸ்டல் வராண்டாவுல வேற ஒரு தேர் ஓடிட்டு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலைல ஒருத்தன் போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். ‘டேய் மாப்ள... சாவி வர்றானாம்டா!’

மெஸ் சாவி தொலைஞ்சு கிடைச்சிருச்சு போலன்னு பாதிப் பேர் திரும்பிப் படுத்துட்டாங்க. அவன் சொன்னது ஸ்பெயின் சாவி. சாவி ஹெர்னாண்டஸ். 2010 உலகக் கோப்பை ஜெயிச்ச ஸ்பெயின் அணியோட நடுக்கள நாயகன், 2024 மே வரைக்கும் பார்சிலோனா கோச். அவர் இந்திய அணிக்குக் கோச்சா வர விண்ணப்பம் அனுப்பியிருக்காராம்! நம்ம ஃபெடரேஷன் ‘சம்பளம் கட்டுப்படியாகாது’னு ஒதுக்கி வெச்சிட்டாங்களாம்! வந்த விண்ணப்பம் மொத்தம் 170. அதுல சாவி பேரும் இருந்துச்சுன்னு தேசிய அணியோட டைரக்டரா இருந்த முன்னாள் கோல்கீப்பர் சுப்ரதா பாலே உறுதி பண்ணினதா செய்தி. இதுல ‘கூறப்படுகிறது’வுக்கே வேலை இல்லை. எழுவாய் பளிச்சுனு தோன்றியே வந்திருச்சு. உலகத்துல இருக்கற அத்தனை விளையாட்டுப் பக்கமும் எடுத்துப் போட்டுச்சு. சாவி வேலை கேட்டு நாம வேண்டாம்னு சொன்ன ஒரே நாள், இந்திய ஃபுட்பால் சரித்திரத்துல அதுதான்.

மறுநாளே காத்து இறங்கிருச்சு. சாவி பேர்ல மட்டுமில்ல, பெப் கார்டியோலா பேர்லயும் ஒரு மெயில் வந்திருந்துச்சுன்னும், ரெண்டுமே நிஜமானவை இல்லைன்னு தெரிய வந்திருக்குன்னும் ஃபெடரேஷன் அறிக்கை விட்டாங்க. அனுப்புனது 19 வயசு காலேஜ் ஸ்டூடன்ட்னு அப்புறம் செய்தி வந்துச்சு. நம்ம செட்டு! எங்க ஊர்ல பஸ் பாஸ் வாங்கணும்னா ரெண்டு போட்டோ, ஒரு போனஃபைடு, ஹெச்.ஓ.டி. கையெழுத்து, அதுக்கு மேல ஆபீஸ் சீல். இந்தியாவுக்கே கோச் வேலைக்கு விண்ணப்பம் போட ஒரு மெயில் ஐ.டி. போதும் போல. டூப்ளிகேட் சாவி போட்டு டெல்லி ஆபீஸ் கதவைத் திறந்துட்டான் தம்பி.

இதுல சிரிக்கறதுக்கு நிறைய இருக்கு, சிரிச்சோம். ஆனா தேதியைக் கொஞ்சம் பாருங்க. அந்த வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஜூலை 11 அன்னிக்கு, ஐ.எஸ்.எல். நடத்துற கம்பெனி கிளப்புகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்துச்சு. அடுத்த சீசன் நிறுத்தி வைப்பு. ஃபெடரேஷனோட போட்டிருந்த ஒப்பந்தம் டிசம்பர் 8-ஆம் தேதியோட முடியுது, அதுக்கப்புறம் என்னன்னு யாருக்கும் தெரியலை. ஆகஸ்ட் முதல் வாரத்துல பெங்களூரு எஃப்.சி. சீனியர் அணியோட சம்பளத்தை நிறுத்தி வெச்சது. நம்ம சென்னையின் எஃப்.சி.யும் (2015, 2017-18 ரெண்டு தடவை சாம்பியன், மறந்துடாதீங்க) கிளப் வேலைகளைத் தற்காலிகமா நிறுத்தறதா அறிவிச்சாங்க. நவம்பர்ல லீக்கை நடத்த டெண்டர் விட்டப்போ ஒரு கம்பெனி கூட வரலை. 2026 ஜனவரி தொடக்கத்துல சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சாந்து, சந்தேஷ் ஜிங்கன் எல்லாம் கேமரா முன்னாடி நின்னு, ஃபிஃபா வந்து இந்திய ஃபுட்பாலைக் காப்பாத்தணும்னு கேட்டாங்க. ஜனவரி 6-ல மத்திய அமைச்சர் வந்து, பிப்ரவரி 14-ல லீக் தொடங்கும்னு அறிவிச்ச பிறகுதான் மூச்சு வந்துச்சு.

அந்த ஜூலை மாசம் எங்க ஹாஸ்டல்ல எடுத்த ‘சர்வே’யைச் சொல்லவா? சாவி நியூஸ் தெரிஞ்சவங்க: எல்லாரும். வாட்ச்மேன் அண்ணாச்சி உட்பட. லீக் நின்னு போன நியூஸ் தெரிஞ்சவங்க: மூணு பேர். அதுல ஒருத்தன் ஃபேன்டஸி லீக்ல காசு போட்டவன்.

இதுக்காக வதந்தியைத் திட்டப் போறேன்னு நினைச்சா ஸாரி. எனக்கு வதந்தி பிடிக்கும். ட்ரான்ஸ்ஃபர் சீசன்ல காலைல பல் விளக்கறதுக்கு முன்னாடி ஃபப்ரிட்ஸியோ ரொமானோ என்ன போட்டிருக்கார்னு பார்க்கறவன் நான். அந்த இத்தாலிக்காரர் ‘ஹியர் வி கோ’ன்னு மூணு வார்த்தை போட்டாச்சுன்னா கெட்டிமேளம் கொட்டியாச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி வர்றதெல்லாம் ஜாதகப் பரிவர்த்தனை. அதுலயும் ஒரு ருசி இருக்கு பாஸ்! மேட்ச் 90 நிமிஷத்துல முடிஞ்சிரும். ட்ரான்ஸ்ஃபர் கதை வருஷக்கணக்கா ஓடும். கிலியன் எம்பாப்பே ரியல் மாட்ரிட் போறார்ங்கற கதை நான் ஆறாவது ஏழாவது படிக்கும்போது ஆரம்பிச்சது. 2022 மே மாசம் ‘முடிஞ்சிருச்சு’ன்னு எழுதினாங்க, அவர் பாரீஸ்லயே புது கான்ட்ராக்ட் போட்டார். கடைசியா 2024 ஜூன் 3-ஆம் தேதி மாட்ரிட் அறிவிச்சப்போ நான் காலேஜுக்கே வந்துட்டேன். மெகா சீரியல் கூட இவ்ளோ நாள் இழுக்காது.

ஆனா சமைக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாப்பிடணும்ல?

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? வாங்கறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில இருக்கும். விரலைப் பிடிச்சே பேரம். சுத்தி நிக்கற கூட்டத்துக்கு விலை தெரியாது. மூஞ்சியைப் பார்த்துத்தான் கணக்குப் போடணும். ‘அஞ்சு விரலைப் பிடிச்சான்ல, நான் பார்த்தேன்’னு ஒருத்தர் கிளப்புவார். ட்ரான்ஸ்ஃபர் மார்க்கெட்டும் அச்சு அசல் அதேதான். ஒரு வித்தியாசம், இங்க தரகரே துண்டை லேசாத் தூக்கிக் காட்டுவார். தெரியாம இல்லை, வேணும்னே!

எப்படின்னா... ஒரு வீரரோட கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் முடியுது. சம்பளம் ஏத்தணும். அவரோட ஏஜென்ட் ஒரு ரிப்போர்ட்டருக்குப் போன் போட்டு, ‘இங்கிலாந்துல இருந்து ரெண்டு பெரிய கிளப் விசாரிக்குது’ன்னு சொல்றார். மறுநாள் செய்தி. சொந்தக் கிளப்புக்கு வயித்தைக் கலக்கும், சம்பளம் ஏறும். வீரர் எங்கயும் போக மாட்டார். அதே மாதிரி, வீரரை விக்கணும்னு நினைக்கற கிளப், வாங்க ஆளே இல்லைன்னாலும் ‘மூணு பேர் க்யூவுல நிக்கறாங்க’ன்னு கசிய விடும். வாங்க வக்கில்லாத கிளப்பும் விடும்... ‘கடைசி வரைக்கும் முயற்சி பண்ணினோம்’னு ரசிகனுக்குக் காட்டணுமே! ரிப்போர்ட்டருக்கு எல்லாமே தெரியும். ஆனா அவர் எழுதலைன்னா பக்கத்து டேபிள்காரர் எழுதிருவார். நாம தினமும் படிக்கற ‘கூறப்படுகிறது’க்குப் பின்னாடி இப்படி ஒரு தோன்றா எழுவாய், லாபக் கணக்கோட உட்கார்ந்திருக்கு.

நான் பார்த்த வரைக்கும் ஒரு குட்டி அகராதி சொல்றேன், கட் பண்ணி டைரியில ஒட்டிக்கங்க. ‘கண்காணித்து வருகிறது’ன்னா கிளப்ல ஒருத்தர் அவர் ஆடற மேட்ச்சை டி.வி.ல பார்த்தார். ‘ஆர்வம் காட்டுகிறது’ன்னா ஏஜென்ட் போன் பண்ணினார். ‘பேச்சுவார்த்தை நடக்கிறது’ன்னா கிளப் திரும்பப் போன் பண்ணிச்சு. ‘மருத்துவப் பரிசோதனை’ன்னு வந்துச்சுன்னா மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. அப்பவும் ஜெர்சி ஆர்டர் பண்ணிராதீங்க. 2015 ஆகஸ்ட் 31 ராத்திரி, டேவிட் டி கியா மான்செஸ்டர் யுனைடெட்ல இருந்து மாட்ரிட் போறதுக்கு எல்லாம் பேசி முடிச்சாச்சு. கெடு முடியற நேரத்துக்குப் பேப்பர் போய்ச் சேரலை. டீல் அவுட்! நம்ம ஆளு அசைன்மென்ட் சப்மிட் பண்ற மாதிரியே பண்ணியிருக்காங்க பாருங்க. 2013 ஜனவரில இன்னும் காமெடி. பீட்டர் ஓடெம்விங்கி டீல் முடியறதுக்கு முன்னாடியே காரை எடுத்துட்டு க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஸ்டேடியம் வாசல்ல போய் நின்னுட்டார். கிளப்புகளுக்குள்ள பேச்சு முடியவே இல்லை. பொண்ணு வீட்ல சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி மாப்பிள்ளை மண்டபத்துல வந்து உட்கார்ந்த கதை.

உள்ள இருக்கறவங்க சொன்னா நம்பலாம்தானேன்னு கேப்பீங்க. 2017 ஜூலை 23, பார்சிலோனா வீரர் ஜெரார்டு பிக்கே, நெய்மரோட ஒரு போட்டோ போட்டு ‘தங்குறார்’னு அர்த்தம் வர்ற மாதிரி ஸ்பானிஷ்ல ரெண்டே வார்த்தை எழுதினார். கூட ஆடறவர், ஒரே டிரெஸ்ஸிங் ரூம். இதைவிட ‘நெருங்கிய வட்டாரம்’ உண்டா? பதினோரு நாள் கழிச்சு, ஆகஸ்ட் 3-ல நெய்மர் பாரீஸ்ல கையெழுத்துப் போட்டார். ரேட் 222 மில்லியன் யூரோ. எழுவாய் தோன்றினாலும் இப்படிக் கவுத்து விடும்.

என் ஆல்டைம் ஃபேவரிட் இதுதான். 2009 ஜனவரியில லண்டன் ‘தி டைம்ஸ்’ பத்திரிகை, உலகின் வளரும் நட்சத்திரங்கள்னு 50 பேர் லிஸ்ட் போட்டுச்சு. 30-வது இடத்துல மாசால் புக்டுவ், வயசு 16, மால்டோவா நாடு, ஆர்செனல் கிளப்போட பேசப்படுபவர். ஒரே ஒரு சிக்கல், அப்படி ஒரு ஆளே கிடையாது! அயர்லாந்துல யாரோ குறும்புக்காரர் இணையத்துல அங்கங்க பொய்ச் செய்தியைத் தூவி விட்டதுல முளைச்ச செடி. ‘என் சின்னக் கறுப்புக் கழுதை’ன்னு அர்த்தம் வர்ற ஓர் ஐரிஷ் கதைத் தலைப்பைத்தான் பேரா மாத்தி வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சவங்க சொன்னாங்க. சோம்பேறிக் கழுதையை ஆஹா ஓஹோன்னு ஏத்திவிட்டு அதிக விலைக்குத் தலையில கட்டற கதையாம் அது. நான் சொன்ன மாட்டுச் சந்தை நினைப்பு வருதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் வதந்திக்கும் ஒரே வித்தியாசம்தான் பாஸ். பாலைக் காய்ச்சக் காய்ச்சச் சுண்டும். வதந்தியைக் காய்ச்சக் காய்ச்சப் பெருகும். மத்தபடி ரெண்டுலயும் ‘ஒரிஜினல்’னு போர்டு மாட்டாத கடை கிடையாது. பால்கோவாவுக்காவது 2019-ல புவிசார் குறியீடு வாங்கிக் குடுத்தாச்சு. (ராஜபாளையம் நாய்க்குட்டி மேட்டரைப் பேச ஆரம்பிச்சா பக்கம் பத்தாது. வெள்ளையா இருக்கற அத்தனை குட்டியும் ‘ஒரிஜினல் ராஜபாளையம்’தான் வெளியூர்ல!)

நம்ம ஊர்ப் பசங்க ஏன் இதுல இவ்ளோ ஈஸியா விழறாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். நேர்ல பார்க்க ஒரு பெரிய மேட்ச் கிடையாது. சென்னை நேரு ஸ்டேடியத்துல மேட்ச் பார்க்கணும்னா ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி விடிய விடியப் போகணும். ஜவஹர் மைதானத்துல எல்லாம் கூட்டம், பொருட்காட்சி, பொதுக்கூட்டம்னு பார்த்து வளர்ந்த ஊரு இது. மில்லு ஷிஃப்ட் முடிச்சு வர்ற அண்ணன்கள் வாலிபால் ஆடுவாங்க, ஞாயித்துக்கிழமை கிரிக்கெட். ஃபுட்பால் எங்களுக்கு போன் ஸ்க்ரீன்லதான். ஸ்க்ரீன்லயே சாப்பிடறவனுக்கு மேட்ச்சும் ஒண்ணுதான் வதந்தியும் ஒண்ணுதான். ரெண்டும் அதே ஆறு இஞ்ச்.

இன்னொரு பக்கம் மலை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறது ஃபுட்பால் பைத்தியம் பிடிச்ச கேரளா. 2022 உலகக் கோப்பைக்கு ஆத்து நடுவுல மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தை விடப் பல மடங்கு கட்-அவுட் வெச்ச ஊரு. நம்ம ஊர் வழியா போற திருமங்கலம்-கொல்லம் ரோட்ல அந்தக் காய்ச்சல் லாரி லாரியா இறங்கும். 2024 நவம்பர்ல கேரள விளையாட்டு அமைச்சர், உலக சாம்பியன் அர்ஜென்டினா அடுத்த வருஷம் கேரளாவுல ஆடப் போகுதுன்னு அறிவிச்சார். மெஸ்ஸி! ராஜபாளையத்துல இருந்து பஸ்ல போற தூரத்துல! அப்புறம் ‘வராது’ன்னாங்க, ‘வரும்’னாங்க. 2025 ஆகஸ்ட்ல அர்ஜென்டினா சங்கமே நவம்பர்ல அங்கோலாவும் கேரளாவும்னு அறிவிச்சுச்சு. இது வதந்தி கணக்குல சேராதே, சங்கமே சொல்லியாச்சே! எங்க பசங்க ஏழெட்டுப் பேர் கொச்சிக்கு வேன் பேசறது வரைக்கும் போயிட்டாங்க. அக்டோபர் 25-ஆம் தேதி ‘நவம்பர்ல நடக்காது’ன்னு ஸ்பான்சர் தரப்புல அறிவிச்சாங்க. நவம்பர் 14-ல அர்ஜென்டினா அங்கோலா போய் 2-0ன்னு ஜெயிச்சுட்டு ஊருக்குத் திரும்பிருச்சு. வேன்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தாரான்னு கேக்காதீங்க, அது தனி கோர்ட் கேஸ்.

அட, நம்ம நாட்டுலயே ட்ரான்ஸ்ஃபர் கூத்து எவ்ளோ இருக்கு தெரியுமா? கொல்கத்தாவுல ஒரு காலத்துல ட்ரான்ஸ்ஃபர் சீசன் வந்தா வீரர்களைத் தூக்கிட்டுப் போய் ஒளிச்சு வெப்பாங்க. நிஜமாத்தான்! எதிர்க் கிளப் ஆள் வந்து மனசை மாத்திரக் கூடாதுன்னு, கையெழுத்துப் போடற நாள் வரைக்கும் யார் வீட்லயோ அடைச்சு வெச்சு விருந்து. வாசல்ல கிளப் ஆளுங்க காவல். ரிப்போர்ட்டர்கள் தெருத் தெருவாத் தேடுவாங்க. 1985-ல கிருஷானு டே, விகாஷ் பாஞ்சி ஜோடி மோகன் பகான்ல இருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினதை இன்னிக்கும் அங்க பெரியவங்க கதை கதையாச் சொல்றாங்க. அந்த ரிப்போர்ட்டர் வீட்டு வாசல்ல காத்துக் கிடந்து எழுதினார். நெருங்கிய வட்டாரம்னா அது!

இப்ப நம்ம பக்கம். 2019 மார்ச்ல கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் ஜெயிச்சது. பெட்ரோ மன்சின்னு ஒரு ஸ்ட்ரைக்கர், அந்த சீசன்ல 21 கோல். 2020-ல ஜப்பானோட அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போயிட்டார். நம்ம கிளப்ல ஆடினவரை ஜப்பான் வந்து வாங்கிட்டுப் போகுது. எவ்ளோ பெரிய நியூஸ்! எங்க கிளாஸ்ல அன்னிக்கு அதைப் பேசின ஒருத்தனையும் நான் பார்க்கலை. 2021-க்கு அப்புறம் ஐ-லீக்ல அந்தக் கிளப்பே இல்லை. அதுவும் அப்படியே சத்தமில்லாமப் போயிருச்சு. சென்னையின் கேப்டன் அனிருத் தாபா 2023-ல மோகன் பகான் போனார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அதே வருஷம் ஈஸ்ட் பெங்கால் போய், ஆகஸ்ட் 12-ல டூரண்ட் கோப்பை டெர்பியில ஒரே கோல் அடிச்சு மோகன் பகானைச் சாய்ச்சார். எத்தனையோ டெர்பி தோத்துக்கிட்டே வந்த கிளப்புக்கு அந்த கோல் தீபாவளி. கொல்கத்தாவே கொண்டாடின தமிழ்ப் பையனோட ஜெர்சியை எங்க ஹாஸ்டல்ல எத்தனை பேர் வெச்சிருக்காங்கன்னு எண்ணினேன். எண்ண வேண்டிய அவசியமே வரலை.

இந்திய ட்ரான்ஸ்ஃபர் நம்ம காதுக்கு வரணும்னா கேஸாகணும். 2024-ல டிஃபெண்டர் அன்வர் அலி மோகன் பகான்ல இருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினப்போ, ஃபெடரேஷன் கமிட்டி நாலு மாசத் தடை போட்டு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு. டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய் அந்தத் தடை நின்னு போச்சு. அப்பதான் எங்க பசங்களுக்கு அன்வர் அலின்னு ஒருத்தர் இருக்கறதே தெரிஞ்சது.

சாவி கதையோட மிச்சத்தையும் சொல்லிடறேன். 2025 ஆகஸ்ட் 1-ல இந்தியக் கோச்சா நியமிக்கப்பட்டவர் காலித் ஜமீல். 2017-ல மிசோரம் மாநிலத்து குட்டிக் கிளப் ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினவர். அதுக்கு முந்தின சீசன்ல கீழ இறக்கப்பட்டு, எப்படியோ திரும்பச் சேர்க்கப்பட்ட அணி அது! செப்டம்பர்ல காஃபா நேஷன்ஸ் கோப்பையில ஓமனை பெனால்டியில ஜெயிச்சு இந்தியா மூணாவது இடம். இவ்ளோ நல்ல கதை நிஜத்துலயே இருக்கு, கார்டியோலா மெயிலை யாருங்க கேட்டது?

சரி, இதெல்லாம் தூரத்து வதந்தி. சிரிச்சுட்டுப் போயிடலாம். பக்கத்துல வர்ற வதந்தி ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்ளோ நேரம் சுத்தினேன்.

எங்க காலேஜ்ல ஒரு ஜூனியர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல ஒரு கிராமம். இடது விங்ல ஆடுவான். அவன் ஓடும்போது நாம நின்னு பார்க்கணும்னு தோணும், அவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியும். அம்மா ஸ்பின்னிங் மில்லுல வேலை. போன மாசம் அவன் போனுக்கு ஒரு மெசேஜ். ஐ.எஸ்.எல். கிளப் ஒண்ணோட பேரு, லோகோ. ‘தென் மாவட்ட வீரர்களைத் தேர்வு செய்ய ஆர்வம் காட்டி வருகிறது. நெருங்கிய வட்டாரம் மூலம் நேரடி ட்ரயல்ஸ். சீட் குறைவு. பதிவுக் கட்டணம் 4,500.’ கூடவே பேப்பர் கட்டிங் மாதிரி ஒரு படம். அதே அகராதி, அதே தோன்றா எழுவாய்! மாட்ரிட்டை வெச்சு நம்ம கண்ணுக்குப் பழக்கப்படுத்தின அதே வார்த்தைகள். அவன் சந்தேகமே படலை. படிச்ச உடனே நிஜ நியூஸ் மாதிரியே இருந்துச்சுண்ணேன்னான். இருக்கத்தானே செய்யும்?

ரூமுக்கு வந்து கேட்டான், ‘அண்ணே, கட்டவா?’

ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். முதல்ல அந்தக் கிளப்போட சொந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தோம். ட்ரயல்ஸ்னு ஒரு வரி இல்லை. அடுத்தது ஏஜென்ட். 2023-ல இருந்து ஃபிஃபா மறுபடியும் பரீட்சை வெச்சுத்தான் ஏஜென்ட் லைசென்ஸ் குடுக்குது. பாஸானவங்க பேர் யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். மெசேஜ்ல இருந்த பேரைப் போட்டோம், வரலை. பேப்பர் கட்டிங்கைப் பெரிசு பண்ணிப் பார்த்தோம், பேப்பர் பேரும் இல்லை, தேதியும் இல்லை. பணம் கேட்டது கிளப் அக்கவுன்ட்டுக்கு இல்லை, யாரோ ஒருத்தரோட பர்சனல் நம்பருக்கு. இவ்ளோ பார்த்தும் அவன் மூஞ்சியில ஒரு ‘ஒருவேளை’ ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்த ‘ஒருவேளை’யை நான் கிண்டல் பண்ண மாட்டேன். வேன் பேசின பசங்களுக்கும் அதேதான் இருந்துச்சு. இவனுக்கு அதுக்கு மேல, அவங்க அம்மாவோட ஓவர்டைம் காசு.

அவனையே போன் பேச வெச்சேன். ஸ்பீக்கர்ல. ‘சார், எந்த கிரவுண்டு, எந்த கோச் வர்றாங்க?’

‘தம்பி, அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல். கிளப்புல மேலிடத்துல பேசியாச்சு.’

‘பேசினது யார் சார்?’

லைன் கட். பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா அந்த நம்பர்ல இருந்த கிளப் லோகோ காணோம், ரோஜாப்பூ படம் இருக்கு. மெசேஜை சைபர் க்ரைம் 1930-க்குச் சொல்லிட்டோம். அதே மெசேஜ் ராஜபாளையத்துல இன்னும் நாலு பசங்களுக்கு வந்திருக்குன்னு மறுநாள் தெரிஞ்சது. ஒருத்தன் கட்டிட்டான். அவன் வீட்ல இன்னும் சொல்லலை. அதனால பேரு வேண்டாம்.

உங்களுக்கும் வந்திருந்தா கட்டறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வியைக் கேளுங்க. கட்டியிருந்தாலும் 1930-க்குப் போன் போடுங்க. சீக்கிரம் சொன்னா பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. ஜூனியர் இப்ப தினமும் அஞ்சரைக்கு எழுந்து ஓடறான். கூட ஓட வாங்கண்ணேன்னு கூப்பிடறான். எனக்குக் காலைல ரொமானோ இருக்கார்!